ஓட்டியவனைப் பயணி ஆக்கினேன்

பாதுகாப்பு என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. பதினெட்டு வருடம் அந்தச் சொல்லை வைத்துத்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தீவு நாட்டில், ஜூரோங் தொழிற்பேட்டையில், கப்பல் பட்டறைகளுக்கும் ஆலைகளுக்கும் சாரம் கட்டிக்கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் சேஃப்டி கோஆர்டினேட்டராக இருந்தேன். பெல்ட்டைக் கொக்கியில் மாட்டாமல் எவனாவது மேலே ஏறினால் கீழே நின்று கத்துவது என் வேலை. கத்துவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. அடுத்த கம்பெனி ஆட்கள்கூட என் குரல் கேட்டதும் தங்கள் பெல்ட்டைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். அப்பேர்ப்பட்ட நான், கத்தியே ஆகவேண்டிய ஒரு விஷயத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் வாயைத் திறக்காமல் விரலை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு வேலை கொடுக்கும் பெரிய கம்பெனி ஒன்றிலிருந்து கடிதம் வந்ததில் ஆரம்பித்தது எல்லாம். இளம் டிரைவர்கள் அவசரக்காரர்களாம். ஆகவே முப்பது வயதுக்குக் கீழே உள்ள டிரைவர் ஒவ்வொருவரும் தன் கைபேசியில் ஒரு செயலியை இறக்கிக்கொள்ள வேண்டுமாம். வண்டி நகர்ந்ததும் அது தானாக விழித்துக்கொண்டு எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளும். வேகம் கூடினால் மதிப்பெண் குறையும். சடாரென்று பிரேக் பிடித்தால் குறையும். வளைவில் வெட்டித் திருப்பினால் குறையும், ஓட்டும்போது கைபேசியைத் தொட்டால் குறையும். நூற்றுக்கு எண்பதுக்குக் கீழே மூன்று வாரம் தொடர்ந்தால் அந்த டிரைவர் அவர்களுடைய வாசலுக்குள் நுழைய முடியாது. எல்லார் கணக்கையும் மேற்பார்வையாளர் ஒருவர் பார்த்து மாதாமாதம் அறிக்கை அனுப்ப வேண்டும். அந்த மேற்பார்வையாளர் நான்தான்.

முதல் நாள் காலை ஆட்களை வரிசையில் நிறுத்தி ஒரு சொற்பொழிவே ஆற்றினேன்.

"இந்த ஆப் உங்களத் திட்டுறதுக்கு இல்ல, காப்பாத்துறதுக்கு" என்றேன்.

சாரம் கட்டுவதில் மூத்த கை ஒருவர், நாற்பதைத் தாண்டியவர், பின்வரிசையிலிருந்து சொன்னார். "திட்டுறதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே சார்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது அன்று எனக்கு உறைக்கவில்லை. பேசியதை நானே நம்பினேன்.

எங்களிடம் முப்பதுக்குக் கீழே மூன்று டிரைவர்கள் இருந்தார்கள். இரண்டு பேர் பகலெல்லாம் சாமான் ஏற்றி இறக்குபவர்கள். ஓட்டுவது மட்டும்தான் அவர்கள் வேலை. மூன்றாமவன் அறந்தாங்கிப் பக்கத்துப் பையன், இருபத்துநான்கு வயது. சாரம் கட்ட வந்தவன், ஞாயிற்றுக்கிழமைகளில் பயிற்சி எடுத்து இங்கேயே லைசென்ஸ் வாங்கிவிட்டான். எங்கள் பாஸுக்கு ஒரே சந்தோஷம். பாஸும் தமிழர்தான், இங்கேயே பிறந்து வளர்ந்தவர், பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுவார். "சூப்பர் லா. ஆளுங்களக் கூட்டிட்டு வர்றதும் அவனே, வேலை செய்யறதும் அவனே. ஒரே கல்லுல ரெண்டு மாங்கா" என்றார். நானும் ஆமாம் போட்டேன்.

அந்த இரண்டு மாங்காயையும் சுமந்தவனின் நாள் இப்படி இருக்கும். காலை நாலரைக்கு எழுந்திருப்பான். லாரியை எடுத்துத் தொழிலாளர் விடுதி வாசலுக்குக் கொண்டுவந்து, பின்னால் பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஏழு மணிக்குள் பட்டறைக்கு வந்துவிடுவான். சாயங்காலம் ஆறரை வரைக்கும் வெயிலில் குழாய் தூக்குவான். பிறகு அதே பன்னிரண்டு பேரை ஏற்றிக்கொண்டு திரும்ப ஓட்டுவான். இவ்வளவு நேரம் வேலை செய்தவன் வண்டியைத் தொடும் முன் அரை மணி நேரம் ஓய்வெடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. அதற்கு ஒரு தாளும் இருக்கிறது. சாயங்காலம் ஓய்வெடுத்தேன் என்று காலையிலேயே கையெழுத்து வாங்கி வைத்துவிடுவோம். டிரைவர் தூங்காமல் பார்த்துக்கொள்ள முன்சீட்டில் ஒருவர் உட்கார வேண்டும் என்றும் விதி உண்டு. அந்த ஆளும் பகலெல்லாம் குழாய் தூக்கியவர்தானே, உட்கார்ந்ததும் அவர்தான் முதலில் குறட்டை விடுவார். இதெல்லாம் எனக்குத் தெரியும். தாளை அடுக்கிக் கோப்பில் போட்டதே நான்தான்.

செயலி வந்த புதிதில் பின்னால் உட்கார்ந்து வருபவர்களுக்கு அதை ரொம்பப் பிடித்துப்போயிற்று. பையன் முட்டை ஏற்றிப்போவதுபோல ஓட்டினான். "பிரேக்கோட அருமை பின்னாடி ஒக்காந்திருக்கவனுக்குத்தான் தெரியும்" என்று அந்த மூத்தவர் சொன்னார். பையனுக்குத் தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு என்று வந்தது. எண்ணைப் பார்த்துவிட்டு என்னிடம் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவான். மற்றபடி அந்தச் செயலிக்குள் போய் எதையும் அவன் பார்த்ததில்லை. ஆங்கிலத்தில் குட்டிக்குட்டி எழுத்தாக இருந்தது அது.

ஒரு திங்கட்கிழமை அவனுடைய கணக்கில் எழுபத்தொன்று என்று நின்றது. கூப்பிட்டு, "என்னப்பா, ஞாயித்துக்கெழமை எங்க போன?" என்று கேட்டேன்.

"தேக்காவுக்குப் போனேன் சார், பஸ்ல."

தேக்கா, ஞாயிறானால் நம் ஆட்கள் கூடும் கடைத்தெரு. பேருந்து ஓட்டுநர் பிடித்த பிரேக்குக்கெல்லாம் இவன் மதிப்பெண் போயிருக்கிறது. அவன் பையில் கிடந்த கைபேசிக்கு யார் ஓட்டுகிறார்கள் என்று எப்படித் தெரியும்? செயலியைக் குடைந்து பார்த்தேன். ஒவ்வொரு பயணத்துக்கும் பக்கத்தில் ஒரு சின்னப் படம் இருந்தது, ஸ்டியரிங் சக்கரம். அதைத் தொட்டால் இன்னொரு படம் வந்தது, இருக்கையில் ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதுபோல. பயணி என்று அர்த்தம். அப்படி மாற்றிவிட்டால் அந்தப் பயணம் கணக்கில் சேராது. மேற்பார்வையாளர் என்பதால் என் கைபேசியிலிருந்தே மாற்ற முடிந்தது. மாற்றினேன். மதிப்பெண் மறுபடியும் தொண்ணூற்றுக்கு ஏறியது. அந்தத் தடவை நான் செய்ததில் ஒரு தப்பும் இல்லை.

தப்பு அடுத்த வாரத்திலிருந்து ஆரம்பித்தது. பட்டறையில் ஒரு கப்பல் அவசரமாகக் கிளம்ப வேண்டியிருந்தது. ஓவர்டைம் கூடிற்று, ஞாயிறும் பாதி நாள் வேலை. பையனுடைய சாயங்காலப் பயணங்கள் சிவப்பாக வர ஆரம்பித்தன. காலையில் ஓட்டியது பச்சை, சாயங்காலம் சிவப்பு. காலையில் பச்சை, சாயங்காலம் சிவப்பு. கடுமையான பிரேக் மூன்று, நான்கு, ஒருநாள் ஆறு. பதினெட்டு வருடம் இந்த வேலையில் இருந்தவனுக்கு அது என்னவென்று தெரியாதா? கண் சொக்கி, திடுக்கிட்டு விழித்து, எதிரே இருக்கும் வண்டியைப் பார்த்து பிரேக்கை மிதிக்கிறான். சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

என் வீடு இருப்பது கிழக்குக் கோடியில், பாசிர் ரிஸ்ஸில். அங்கே ரயில் ஏறி ஜூரோங் பக்கம் போய் இறங்குவதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சுற்றிலும் ஆட்கள் மிட்டாய் உடைக்கிற விளையாட்டு ஆடிக்கொண்டிருப்பார்கள். நான் முந்தின நாள் பயணங்களைத் திறந்து, சிவப்பாக இருப்பதைத் தொடுவேன். சக்கரம் போய் உட்கார்ந்திருக்கும் ஆள் வருவான். தினமும் ஒன்று, சில நாள் இரண்டு. பத்து நொடி வேலை. அதை முடித்துவிட்டுக் கண்ணை மூடி நன்றாகத் தூங்கிக்கொண்டே போவேன். நினைத்தால் என் முகத்தில் நானே காறித் துப்ப வேண்டும்போல இருக்கிறது.

ஏன் செய்தேன்? எண்பதுக்குக் கீழே போனால் பையன் வாசலில் நிறுத்தப்படுவான், வண்டி ஓட்ட முடியாதவனை பாஸ் வைத்துக்கொள்ள மாட்டார், ஊருக்கு அனுப்பிவிடுவார், அவனைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாஸிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கவில்லை. உண்மை வேறு. சிவப்பு வந்தால் ஏன் வந்தது, என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று நான்கு பக்கப் படிவம் நிரப்ப வேண்டும். பாஸ் முன்னால் போய் நின்று, இன்னொரு டிரைவர் வேண்டும், இவன் வேலை செய்வதானால் ஓட்டக் கூடாது, ஓட்டுவதானால் வேலை செய்யக் கூடாது என்று சொல்ல வேண்டும். அவர் முகம் சுளிப்பார். அந்தச் சுளிப்பைப் பார்க்க எனக்கு மனசில்லை. இவ்வளவுதான். சாரத்தின் மேல் நிற்பவனைப் பார்த்துக் கத்தத் தெரிந்த வாய் பாஸ் அறைக்குள் போனால் ஒட்டிக்கொள்ளும்.

பையன் சொல்லாமல் இருந்தானா என்றால், அதுவும் இல்லை. இரண்டு தடவை சொன்னான். முதல் தடவை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்றான்.

"சார், நேத்து சாயந்தரம் வண்டியில ரெண்டு தடவ கண்ணு மூடிருச்சு சார்."

"ஜன்னலத் திறந்து வச்சுக்க."

"திறந்துதான் சார் வச்சிருக்கேன். கண்ணுக்குக் கீழ தைலம் தேச்சுக்கிறேன். பச்ச மொளகாயக்கூடக் கடிச்சுப் பாத்துட்டேன்."

"ராத்திரி ஃபோன நோண்டாமத் தூங்கு. எல்லாம் சரியாயிடும்" என்றேன். அவனுடைய ராத்திரி எத்தனை மணி நேரம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னேன். அவன் "சரி சார்" என்று போய்விட்டான்.

அந்த மாதம் பெரிய கம்பெனிக்காரர்கள் பட்டறையில் ஒரு சின்ன விழா வைத்தார்கள். எல்லாக் கம்பெனிகளிலும் சேர்த்து முதல் மதிப்பெண் எடுத்த இளம் டிரைவருக்குச் சான்றிதழ். சராசரி தொண்ணூற்று நான்கு. எங்கள் பையன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தால் போதாதென்று அதற்கு மாலையும் போட்டாயிற்று. கப்பல் அவசரத்தில் தூங்காமல் கண்ணெல்லாம் சிவந்து நின்றவன் கையில் சான்றிதழைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். பக்கத்தில் பாஸ், இந்தப் பக்கம் நான், எல்லாரும் பல்லைக் காட்டிக்கொண்டு. அந்தப் படத்தை அவன் அம்மாவுக்கு அனுப்பியிருக்கிறான். அவர்கள் அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டியிருப்பதாக அடுத்த வாரம் என்னிடம் சொன்னான். சொல்லிவிட்டு, வேலைக்குத் திரும்பிப் போகிற நேரத்தில் இரண்டாவது தடவையாக மெதுவாகக் கேட்டான்.

"சார், சாயந்தரத்துக்கு மட்டும் வேற ஆளப் போட முடியுமா சார்?"

"அவார்டு வாங்கின டிரைவர் கேக்கற கேள்வியா இது?" என்று நான் அவன் முதுகில் தட்டினேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அதற்கப்புறம் அவன் கேட்கவில்லை.

பதினோரு நாள் கழித்து, சாயங்காலம் ஏழு மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே, அவன் ஓட்டிய லாரி ஜூரோங்கில் சாலையோரம் நின்ற ஒரு டிரெய்லரின் பின்னால் போய் மோதியது. இடது பக்கத் தடுப்பு மடிந்து உள்ளே வந்து, அங்கே உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்த அந்த மூத்தவரின் இடது காலை நசுக்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். மற்றவர்களுக்குச் சிராய்ப்பும் வீக்கமும். பையனுக்கு நெற்றியில் ஏழு தையல். குடிக்கவில்லை, கைபேசியைத் தொடவில்லை. போலீஸ் கேட்டதற்கு, "தூங்கிட்டேன்" என்று ஒரே வார்த்தை சொல்லியிருக்கிறான்.

மறுநாள் காலை ரயிலில் வழக்கம்போல என் விரல் அந்தச் செயலியைத் திறந்தது. அந்தக் கடைசிப் பயணம் அங்கே இருந்தது. வேகம் சரி. திருப்பம் சரி. கைபேசியைத் தொடவில்லை, சரி. கடுமையான பிரேக், ஒன்று. அவன் பிரேக்கே பிடிக்கவில்லை. டிரெய்லரில் மோதி நின்றதைத்தான் அந்த முண்டம் பிரேக் என்று எழுதிக்கொண்டிருக்கிறது. மதிப்பெண் எண்பத்தெட்டு. கீழே ஒரு சிரிக்கிற முகம் போட்டு, 'நல்ல பயணம்! அடுத்த முறை கொஞ்சம் முன்கூட்டியே பிரேக் பிடிக்கலாமே' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. சீ! அடுத்த நிலையத்தில் இறங்கி, நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தேன். அதைத் திட்டி என்ன பிரயோஜனம், அதற்கு மூளை இல்லை. எனக்கு இருந்தது.

அலுவலகத்துக்குப் போனால் பாஸ் தயாராக இருந்தார். மூன்று மாத அறிக்கையை அச்சடிக்கச் சொன்னார். விசாரணை அதிகாரி வந்து உட்கார்ந்ததும் அதை அவர் முன்னால் தள்ளினார். "அந்தப் பையன் டயர்டா இருந்தான்னு எங்களுக்கு எந்த ரிப்போர்ட்டும் இல்ல. ஸ்கோர் பாருங்க, நைன்டி ஃபோர். அவார்டு வாங்கினவன். ரெஸ்ட் ஃபாரம்லகூட டெய்லி சைன் பண்ணியிருக்கான். வீ டிட் எவ்ரிதிங் லா. அன்னிக்கி அவன் கேர்லெஸ்ஸா இருந்துட்டான்." ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் என் கையெழுத்து இருந்தது. அதிகாரி என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

ஆக, தப்பு முழுக்கப் பையன் தலையில் விழுந்தது. லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். வழக்கு முடியும்வரை வேலையும் செய்யக்கூடாது, ஊருக்கும் போகக்கூடாது. கவனக்குறைவால் ஒருவரை ஊனமாக்கிவிட்டான் என்று முடிவானால் சிறைக்குப் போக வேண்டியிருக்கும் என்று விடுதியில் பேசிக்கொண்டார்கள். பாஸ் பழக்கூடை வாங்கிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார், என்னையும் கூட்டிக்கொண்டு. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதைதான். இரண்டு ஓநாய்கள். மூத்தவர் போர்வைக்குக் கீழே தட்டையாக இருந்த இடத்தை மறைத்துக்கொண்டு, "தம்பிய ஒண்ணும் பண்ணிராதீங்க சார். நாங்க எல்லாருந்தான் தூங்கிட்டு வந்தோம்" என்றார். பாஸ் ஆப்பிளை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டிருந்தார்.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை பையன் என்னைக் கூப்பிட்டான். தேக்காவில், ஜாலான் புசார் பக்கம் திரும்புகிற சந்தில் ஒரு சாப்பாட்டுக் கடை மாடி. மத்தியானம் இரண்டு மணிக் கூட்டம், கீழே தெருவில் நடக்க இடமில்லை. அவன் எனக்கு முன்பே வந்து ஒரு மூலை மேசையைப் பிடித்து வைத்திருந்தான். நெற்றித் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது. எனக்குத் தேநீர் சொன்னான். சாப்பிட்டாயா என்று கேட்டதற்கு, ஆச்சு என்று பொய் சொன்னான்.

"சார், ஒரு வக்கீல் ஐயா எனக்காகச் சும்மாவே வந்து பேசுறேன்னுருக்காரு" என்று ஆரம்பித்தான். "அவரு கேட்டாரு, நீ முடியாமத்தான் ஓட்டிக்கிட்டு இருந்தன்னு முன்னாடியே யாருக்காச்சும் தெரியுமா, எங்கயாச்சும் பதிவாயிருக்கான்னு. நீங்க எங்கிட்டக் கோவிச்சுக்கக் கூடாது சார். நான் உங்ககிட்டச் சொன்னத அவருகிட்டச் சொல்லல. உங்க வேலைக்குப் பிரச்சன வந்துரும்ல."

நான் தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"அப்பறந்தான் யோசிச்சேன் சார். அந்த ஆப்புல எல்லாம் இருக்கும்ல? நான் சாயந்தரம் சாயந்தரம் படார் படார்னு பிரேக் அடிச்சிருக்கேன். காலைல அப்படி அடிக்கல. அத வரிசையா எடுத்துக் காமிச்சா, வேணும்னு செய்யல, ஒடம்பு முடியாமத்தான் செஞ்சிருக்கான்னு தெரிஞ்சிரும்ல சார்? நீங்கதான சொன்னீங்க, அது காப்பாத்துறதுக்குன்னு."

எங்கள் கம்பெனியில், பெரிய கம்பெனியில், அந்தக் கருமத்தை நம்பிய ஒரே ஆள் அவன்தான் என்று அப்போது எனக்குப் புரிந்தது. கைபேசியை எடுத்து மேசைமேல் வைத்தான். எப்படித் திறப்பதென்று கேட்டான். காட்டினேன். வேறு என்ன செய்ய? பட்டியல் வந்தது. அவன் விரலால் மெதுவாகத் தள்ளிக்கொண்டே போனான்.

"இது என்ன சார், வட்டமா?"

"ஸ்டியரிங். நீ ஓட்டுனதுன்னு அர்த்தம்."

"இந்த ஆளு ஒக்காந்திருக்க படம்?"

"அது பயணி."

"பயணின்னா?"

"வண்டில சும்மா ஒக்காந்து வந்தவன்."

அவன் இன்னும் கொஞ்சம் தள்ளினான். காலை சக்கரம், மாலை ஆள். காலை சக்கரம், மாலை ஆள். அவனுக்கு ஆங்கிலம் வராவிட்டாலும் மணி பார்க்கத் தெரியும். நெற்றியைத் தடவிக்கொண்டான்.

"சாயந்தரமும் நான்தான சார் ஓட்டுனேன்?"

"நீதாம்பா."

"அப்ப இது?"

"நான் மாத்துனேன்."

பக்கத்து மேசையில் ஊரில் கட்டுகிற வீட்டைப் பற்றி நாலைந்து பேர் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் பட்டியலை மேலிருந்து இன்னொரு தடவை தள்ளிப் பார்த்தான். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். கையை ஓங்கினால் வாங்கிக்கொள்வது என்றுகூட உட்கார்ந்திருந்தேன்.

"எனக்காகவா சார்?" என்று கேட்டான்.

அந்தக் கேள்விக்கு நான் ஆமாம் என்றேன். அதைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. அவனே எடுத்துக் கொடுத்த பொய்யை, கூச்சமே இல்லாமல், வாங்கி என் வாயில் போட்டுக்கொண்டேன். "மார்க் கொறஞ்சா உன்ன ஊருக்கு அனுப்பிருவாங்கன்னு பயந்துதான்" என்றேன்.

அவன் யோசித்தான். குத்திக் காட்டுகிற தொனியே இல்லை, நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னான்.

"அனுப்பியிருக்கலாம்ல சார். அண்ணனுக்குக் கால் இருந்திருக்கும்."

தேநீருக்கு அவனே கொடுத்துவிட்டான். நான் கொடுக்கிறேன் என்றதற்கு, "நான்தான சார் கூப்புட்டேன்" என்றான்.

செவ்வாய்க்கிழமை நானாகப் போய் அந்த விசாரணை அதிகாரியைப் பார்த்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். செயலி, காலையிலேயே கையெழுத்து வாங்கும் தாள், பையன் இரண்டு தடவை சொன்னது, நான் முதுகில் தட்டியது. அந்த வாரமே எனக்கு வேலை போய்விட்டது. பாஸ் என்னை நன்றிகெட்டவன் என்று சொன்னாராம், சொல்லட்டும். பையனுடைய வழக்கு இன்னும் முடியவில்லை. என் வாக்குமூலம் அவனுக்கு உதவலாம் என்கிறார் வக்கீல். உதவும் என்று சொல்ல மாட்டேன் என்கிறார். மூத்தவர் ஊருக்குப் போய்விட்டார்.

அந்த அறையில் அதிகாரி கேட்ட ஒரு கேள்வியை மட்டும் சொல்லி முடித்துவிடுகிறேன். என் மகன் வயதுதான் இருக்கும் அவருக்கு. நான் சொல்லச் சொல்லக் கணினியில் தட்டிக்கொண்டே வந்தவர், நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"இப்படி மாற்றச் சொல்லி உங்களுக்கு உத்தரவு போட்டது யார்?"

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். முந்தின நாள் முழுக்க இதற்காகத்தான் உட்கார்ந்து என் கைபேசியைத் துழாவினேன். பாஸ் அனுப்பிய குரல் பதிவுகள், குறுஞ்செய்திகள், பெரிய கம்பெனியின் மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சிவப்பை மறை, மதிப்பெண்ணை ஏற்று, கண்டுகொள்ளாதே என்று எவனாவது ஒருத்தன், ஜாடையாகவாவது, ஒரே ஒரு வரி எழுதியிருக்க மாட்டானா என்று தேடினேன். எங்கும் இல்லை. பாஸுக்கு அப்படி ஒரு படம் செயலிக்குள் இருப்பதே தெரியாது.

"யாரும் சொல்லவில்லை" என்றேன்.

அதிகாரி நம்பாமல் இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவை அதையே சொன்னேன். அவர் தட்டினார், அச்சடித்தார், பேனாவை என் பக்கம் நகர்த்தினார். நான் கையெழுத்துப் போட்டேன்.